வைட்சாப்பல் கொலைகள், 1888: சாட்சிகளை எந்த அளவுக்கு நம்பலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் எந்த வழக்கைப் பற்றியது?

1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் தேதிக்கும் நவம்பர் 9ஆம் தேதிக்கும் இடைப்பட்ட பத்து வாரங்களில், லண்டனின் கிழக்குப் பகுதியான வைட்சாப்பலிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் மேரி ஆன் நிக்கல்ஸ், ஆனி சாப்மன், எலிசபெத் ஸ்ட்ரைட், கேதரின் எடோஸ், மேரி ஜேன் கெல்லி ஆகிய ஐந்து பெண்கள் கழுத்து அறுக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். ஐவரையும் கொன்றவன் ஒருவனே என்பது பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட கருத்து. அவனுக்கு ஜாக் தி ரிப்பர் என்ற பெயர் நிலைத்துவிட்டதே தவிர, அவன் யார் என்பது நிலைநாட்டப்படவில்லை. எவர் மீதும் வழக்கு நடந்து தீர்ப்பு வரவில்லை.

ஸ்காட்லாந்து யார்டில் கைரேகைப் பிரிவு 1901இல்தான் தொடங்கப்பட்டது. மனித இரத்தத்தை விலங்கின் இரத்தத்திலிருந்து பிரித்தறியும் சோதனையும் அந்த ஆண்டில்தான் வந்தது. ஆகவே 1888இல் காவல் துறையின் கையில் இருந்தவை மருத்துவரின் கருத்தும், அக்கம்பக்கத்தார் பார்த்ததாகவும் கேட்டதாகவும் சொன்னவையும் மட்டுமே. இந்த வழக்கைப் பற்றி இன்றுவரை நடக்கும் வாதங்களில் பெரும்பகுதி சாட்சியத்தின் எடையைப் பற்றிய வாதமாகவே இருப்பதற்கு இதுவே காரணம்.

கொலையைக் கண்ணால் பார்த்த சாட்சி யாராவது உண்டா?

ஒருவரும் இல்லை. கொலைக்குச் சற்று முன் அந்தப் பெண்ணை ஓர் ஆணுடன் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு குரலையோ ஏதோ விழுந்த ஓசையையோ கேட்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு பெண் தாக்கப்பட்டதைப் பார்த்ததாகச் சொன்னவர் ஒரே ஒருவர். நிக்கல்ஸ் கொலையில் அந்த அளவுக்குக்கூட எதுவும் இல்லை.

சாட்சி உண்மை பேசுகிறாரா, பொய் பேசுகிறாரா என்று முடிவு செய்துவிட்டால் போதாதா?

போதாது. இந்த வழக்கைப் பற்றிய வாதங்கள் தடம் புரள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒருவரை நேர்மையானவர் என்று தீர்மானித்துவிட்டு அவர் சொன்ன மணி, நிறம், உயரம் அனைத்தையும் அப்படியே ஏற்றுக்கொள்வதும், ஒரு முரண்பாட்டைக் கண்டவுடன் பொய்யர் என்று முத்திரை குத்தி அவர் சொன்ன எல்லாவற்றையும் தள்ளிவிடுவதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள். ஒரே வாக்குமூலத்தில் ஒரு வாக்கியம் உறுதியாகவும் அடுத்த வாக்கியம் வெறும் ஊகமாகவும் இருக்க முடியும். எனவே ஆளை எடை போடுவதைவிட வாக்கியங்களைத் தனித்தனியாக எடை போடுவதே பொருத்தம். ஒரு கூற்றைத் தாங்கிப் பிடிக்க வெளியிலிருந்து ஏதாவது, ஒரு மணியோசையோ விளக்கோ தொடர்பில்லாத இன்னொருவரின் கூற்றோ, இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அது முதலில் எப்போது, எந்த மொழியில், யாரால் எழுதப்பட்டது என்பது அதற்கடுத்த கேள்வி. கீழே உள்ள பதில்கள் அனைத்தும் இந்த இரண்டையும் வைத்தே எழுதப்பட்டவை.

சாட்சியங்கள் எந்த வடிவில் நமக்குக் கிடைத்துள்ளன?

சீரற்ற வடிவில். அன்றைய இங்கிலாந்தில் ஐயத்துக்குரிய மரணம் ஒவ்வொன்றும் மரண விசாரணை அதிகாரி ஒருவரின் முன்னிலையில், ஜூரிகள் அமர்ந்து, சாட்சிகளைச் சத்தியப் பிரமாணத்துடன் விசாரிக்கும் நடைமுறைக்கு உட்பட்டிருந்தது. எடோஸ், கெல்லி ஆகியோரின் விசாரணைப் பத்திரங்கள் லண்டன் ஆவணக்காப்பகத்தில் உள்ளன. வின் பாக்ஸ்டர் என்ற அதிகாரி நடத்திய நிக்கல்ஸ், சாப்மன், ஸ்ட்ரைட் விசாரணைகளின் மூலப் பத்திரங்கள் கிடைக்கவில்லை. அவற்றைப் பத்திரிகைச் செய்திகளிலிருந்துதான் திரட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரே சாட்சி ஒரே நாளில் சொன்னதை இரண்டு நிருபர்கள் இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள். இன்று 'சாட்சியின் முரண்பாடு' என்று காட்டப்படுபவற்றில் சில, நிருபரின் காதிலோ சுருக்கெழுத்திலோ பிறந்தவையாக இருக்கலாம் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆனி சாப்மன் இறந்த நேரத்தைப் பற்றி ஏன் இவ்வளவு வாதம்?

ஏனென்றால் மருத்துவர் ஒரு பக்கமும் மூன்று பொதுமக்கள் மறுபக்கமும் நிற்கிறார்கள். இரு தரப்பும் சரியாக இருக்க வழியே இல்லை.

செப்டம்பர் 8, சனிக்கிழமை. ஹன்பரி தெரு 29ஆம் எண் வீட்டின் பின்முற்றத்தில், படிக்கட்டுக்கும் இடப்புற மரவேலிக்கும் இடையே, காலை ஆறு மணிக்குச் சற்று முன் அங்குக் குடியிருந்த ஜான் டேவிஸ் உடலைப் பார்த்தார். காவல் துறை மருத்துவர் ஜார்ஜ் பாக்ஸ்டர் ஃபிலிப்ஸ் 6.30 மணியளவில் வந்து பரிசோதித்து, இறந்து குறைந்தது இரண்டு மணி நேரம், ஒருவேளை அதற்கும் மேல் ஆகியிருக்கும் என்றார். அதாவது 4.30 அல்லது அதற்கு முன்.

அந்த வீட்டில் குடியிருந்த அமீலியா ரிச்சர்ட்சனின் மகன் ஜான், சந்தை நாட்களில் வேலைக்குப் போகும் வழியில் அங்கே நுழைந்து, பின்புற நிலவறையின் பூட்டு பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். முன்பு ஒருமுறை அங்கே கருவிகள் திருடு போயிருந்தன. அன்று 4.45 மணியளவில் வந்து, படியில் உட்கார்ந்து, காலை உறுத்திய பூட்ஸிலிருந்து ஒரு தோல் துண்டை அறுத்து எறிந்ததாகவும், உடல் அங்கே இருந்திருந்தால் தன் கண்ணில் படாமல் போயிருக்காது என்றும் அவர் சாட்சியமளித்தார்.

பக்கத்து 27ஆம் எண் வீட்டில் இருந்த ஆல்பர்ட் கடோஷ் சுமார் 5.20க்குத் தன் முற்றத்துக்குப் போய்த் திரும்பும்போது 'வேண்டாம்' என்பது போன்ற ஒரு குரலைக் கேட்டார். மூன்று நான்கு நிமிடம் கழித்து மீண்டும் வந்தபோது, ஐந்தரை அடி உயரமுள்ள அந்த வேலியின் மீது ஏதோ மோதி விழும் ஓசை வந்தது. அவர் எட்டிப் பார்க்கவில்லை. வேலைக்குப் புறப்பட்டவர் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் தேவாலயத்தைக் கடக்கும்போது மணி 5.32.

மூன்றாமவர் எலிசபெத் லாங். சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த அவர், மதுபான ஆலையின் மணி ஐந்தரை அடித்ததைக் கேட்ட சற்று நேரத்தில், 29ஆம் எண் வீட்டுக்கு அருகே ஓர் ஆணும் பெண்ணும் நின்று பேசியதைப் பார்த்தார். 'சம்மதமா?' என்று அவன் கேட்க, 'சரி' என்று அவள் சொன்னாளாம். ஆணின் முகத்தை அவர் பார்க்கவில்லை. பெண்ணின் முகத்தைப் பார்த்ததாகச் சொல்லி, நான்கு நாள் கழித்துப் பிணவறையில் சாப்மனின் உடலை அடையாளம் காட்டினார்.

அந்த மூவரில் வலுவான சாட்சி யார்?

பலர் லாங்கைச் சொல்வார்கள், ஏனெனில் அவர் மட்டுமே முகம் பார்த்தவர். என் கணிப்பு வேறு. தெருவில் நடந்து போகும் ஒருவர், தனக்குச் சற்றும் தேவையற்ற இரு அந்நியர்களைச் சில நொடிகள் பார்க்கிறார். அப்போது அவர்களைச் சந்தேகிக்க எந்தக் காரணமும் இல்லை. நான்கு நாள் கழித்து, கொலையுண்டவள் என்று தெரிந்த ஒரே ஓர் உடலைக் காட்டி 'இவளா?' என்று கேட்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு முகம் இல்லாத அடையாளம் காட்டலுக்கு எவ்வளவு எடை தர முடியும்? ஐந்தரை மணியளவில் அந்த வீட்டருகே ஓர் ஆணும் பெண்ணும் நின்றார்கள் என்பது வரை லாங்கை நம்பலாம். அந்தப் பெண் சாப்மன்தான் என்பது அடுத்த படி. அந்தப் படி தள்ளாடுகிறது.

கடோஷ் எதையும் மிகைப்படுத்தவில்லை. குரல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று அவரே ஒப்புக்கொண்டார். பரபரப்பான கதை ஒன்றைச் சொல்ல விரும்பியிருந்தால் வேலிக்கு மேல் ஒரு தொப்பியாவது தெரிந்ததாகச் சொல்லியிருப்பார். வேலியின் மீது விழுந்த ஓசையைப் பற்றி மட்டும் அவருக்குத் தயக்கம் இல்லை. உடல் கிடந்ததோ அந்த வேலியின் மறுபக்கத்தில். எனவே மூவரில் அவருக்கே முதலிடம் தருவேன்.

ரிச்சர்ட்சனிடம் ஒரு சிக்கல் உண்டு. சம்பவ நாளன்று அவரிடம் பேசிய இன்ஸ்பெக்டர் ஜோசப் சாண்ட்லரிடம், பின்வாசலுக்கு வந்து நிலவறையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டதாகத்தான் அவர் சொல்லியிருக்கிறார். பூட்ஸை அறுத்த கதை அப்போது வரவில்லை. நிலவறையின் வாசல் படிக்கட்டுக்கு வலப்புறம், உடலோ இடப்புறம். கதவைப் பாதி திறந்து வலப்பக்கம் எட்டிப் பார்த்தவருக்கு இடப்பக்கம் கிடந்தது கதவால் மறைந்திருக்கலாம் என்ற வாதம் இதிலிருந்து எழுகிறது. ஆனால் பெண் அங்கே இல்லை என்று உறுதியாகச் சொன்னாரா என்று கேட்டபோது, சொன்னார் என்று அந்த இன்ஸ்பெக்டரே பதிலளித்தார். படியில் உட்கார்ந்ததை முதல் நாளில் சொல்லாமல் விட்டதைக் கற்பனையின் அடையாளமாகக் கொள்ள வேண்டியதில்லை; கேட்கப்படாத விவரத்தை யாரும் தாமாகச் சொல்வதில்லை. என்றாலும் முதல் கூற்றில் இல்லாத ஒரு விவரத்தின் மீதுதான் அவருடைய சாட்சியத்தின் முழு பாரமும் நிற்கிறது என்பதை மறைக்கவும் கூடாது.

மருத்துவரின் கருத்து அறிவியல் அல்லவா? அதைப் பொதுமக்களின் நினைவு எப்படி வெல்லும்?

1888இல் மருத்துவர் உடலின் வெப்பத்தைத் தொட்டுப் பார்த்துத்தான் கணித்தார். ஃபிலிப்ஸின் சாட்சியத்தில் வெப்பமானியால் எடுத்த அளவு எதுவும் இல்லை. வயிறு திறக்கப்பட்டு, பெருமளவு இரத்தம் வெளியேறி, திறந்த வெளியில் குளிர்ந்த காலையில் கிடந்த உடல் வழக்கத்தைவிட விரைவாகக் குளிரும். விறைப்பு தொடங்கும் நிலையில் இருந்தது என்ற குறிப்பும் ஒரு மணி நேரத்தை இரண்டு மணி நேரத்திலிருந்து பிரிக்கப் போதாது. குளிர்ந்த காலையும் இரத்த இழப்பும் உடலை விரைவில் குளிரச் செய்திருக்கும் என்று ஃபிலிப்ஸே தன் சாட்சியத்தில் சேர்த்துக்கொண்டார். விசாரணை அதிகாரி வின் பாக்ஸ்டர் அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் சாட்சிகளின் பக்கம் சாய்ந்தார். மறுபுறம், தலைமை இன்ஸ்பெக்டர் டொனால்ட் ஸ்வான்சன் அக்டோபர் 19 தேதியிட்ட அறிக்கையில், மருத்துவர் சொன்னது சரியென்றால் லாங்கின் சாட்சியத்தை ஐயத்துடன்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்று வருத்தத்துடன் எழுதினார். வெள்ளைக் கோட்டுக்கு நாம் தரும் மரியாதையை இங்கே சற்றுத் தள்ளி வைப்பது நல்லது. தொட்டுப் பார்த்துச் சொன்ன அந்தக் கணிப்பும் ஒரு சாட்சியின் மதிப்பீடுதான்.

கடோஷ் சொன்ன நேரமும் லாங் சொன்ன நேரமும் ஒத்துப்போகவில்லையே?

உண்மைதான். கடோஷ் ஓசையைக் கேட்டு முடித்த பிறகே லாங் அந்த இருவரையும் உயிரோடு பார்க்கிறார்; இடைவெளி பத்து நிமிடத்துக்குள். கைக்கடிகாரம் இல்லாத உழைக்கும் மக்கள் தேவாலய மணியையும் ஆலை மணியையும் வைத்தே நேரத்தைச் சொன்னார்கள். இரண்டு மணிகளும் ஒன்றோடொன்று ஒத்து ஓடின என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. கடோஷும் கடிகாரத்தைப் பார்த்தது ஒரே முறை. மற்ற நேரங்கள் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டவை.

லாங் கேட்டது ஐந்தரை மணியோசை அல்ல, ஐந்தேகால் ஓசைதான் என்று சொல்லிச் சிலர் முடிச்சை அவிழ்க்கிறார்கள். அழகான தீர்வு; ஆனால் ஒத்துவராத மணியை நகர்த்த நமக்கு உரிமை உண்டென்றால், எந்தச் சாட்சியையும் எங்கும் கொண்டுபோய் நிறுத்திவிடலாம். லாங் பார்த்தது வேறொரு ஜோடி என்று வைத்துக்கொள்வது எளிது. அதற்கு எந்தக் கடிகாரத்தையும் தொட வேண்டியதில்லை.

இஸ்ரேல் ஷ்வார்ட்ஸ் ஏன் விசாரணைக்கு அழைக்கப்படவில்லை?

செப்டம்பர் 30, அதிகாலை 12.45. பெர்னர் தெருவில் ஒரு முற்றத்தின் வாசலில் நின்ற பெண்ணை ஓர் ஆண் இழுத்துக் கீழே தள்ளியதையும், அவள் மூன்று முறை, ஆனால் உரக்க இல்லாமல், கத்தியதையும், எதிர்ப்புறம் ஒருவன் புகைக்குழாயைப் பற்றவைத்ததையும், தள்ளியவன் 'லிப்ஸ்கி' என்று கூவியதையும் பார்த்துவிட்டுப் பயந்து ஓடியதாக அவர் சொன்னார். சுமார் ஒரு மணிக்கு அந்த முற்றத்தில் ஸ்ட்ரைட்டின் உடல் கிடைத்தது. இவ்வளவு முக்கியமான சாட்சி பாக்ஸ்டரின் விசாரணையில் வந்ததாக எந்தப் பத்திரிகைச் செய்தியும் இல்லை. காவல் துறை அவரை நம்பாமல் விட்டுவிட்டது என்ற விளக்கம் ஆவணங்களோடு பொருந்தவில்லை; அக்டோபர் 19இல் ஸ்வான்சனும் நவம்பர் 1இல் இன்ஸ்பெக்டர் ஃபிரெடரிக் அபர்லைனும் எழுதிய அறிக்கைகள் அவரைக் கவனத்துடனேயே நடத்துகின்றன. காரணம் எதுவாக இருந்தாலும், சத்தியப் பிரமாணத்துடன் குறுக்குக் கேள்விகளுக்கு அவர் பதில் சொன்ன பதிவு நம்மிடம் இல்லை.

அவர் ஹங்கேரியிலிருந்து வந்த யூதர்; ஆங்கிலம் தெரியாது. காவல் நிலையத்திலும் 'ஸ்டார்' பத்திரிகை நிருபரிடமும் மொழிபெயர்ப்பாளர் வழியாகவே பேசினார். காவல் துறைக் குறிப்பில் இரண்டாவது ஆளின் கையில் இருப்பது புகைக்குழாய். அக்டோபர் 1 பத்திரிகையில் அது கத்தியாகிவிட்டது. இதை வைத்து ஷ்வார்ட்ஸைப் பொய்யர் என்பது, அவருக்கும் பத்திரிகைக்கும் இடையே நின்ற மொழிபெயர்ப்பாளரையும் நிருபரையும் மறந்துவிட்டுப் பேசுவது.

'லிப்ஸ்கி' என்ற சொல்லும் அப்படித்தான். பக்கத்துத் தெருவில் நடந்த கொலைக்காக 1887இல் தூக்கிலிடப்பட்ட இஸ்ரேல் லிப்ஸ்கியின் பெயர், பிறகு யூதர்களை நோக்கி வீசும் வசைச்சொல்லாக மாறியிருந்தது. இரண்டாவது ஆளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதாகவும் கொள்ளலாம். ஷ்வார்ட்ஸைத் திட்டியதாகவும் கொள்ளலாம். அபர்லைன் அவரை நெருக்கிக் கேட்டும், யாரை நோக்கி அது சொல்லப்பட்டது என்று அவரால் சொல்ல முடியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொன்ன சாட்சி என்ற வகையில் இது அவருக்குச் சாதகமானது என்றே நினைக்கிறேன்.

அதே 12.45க்கு வேறொருவரும் ஸ்ட்ரைட்டைப் பார்த்தாரா?

ஜேம்ஸ் பிரவுன் என்பவர், அதே நேரத்தில், பக்கத்துத் தெருமுனையில் ஒரு பெண் சுவரில் சாய்ந்தபடி ஓர் ஆணிடம் 'இன்றிரவு வேண்டாம், வேறொரு நாள்' என்று சொன்னதைக் கேட்டதாகச் சாட்சியமளித்தார். இருவரின் நேரமும் துல்லியமாக இருந்தால் ஒருவர் பார்த்தது வேறு பெண்ணை. ஐந்து நிமிடம் முன்பின் என்று வைத்தால் இருவரும் சரியாக இருக்கலாம். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

கறுப்புப் பையுடன் திரிந்த ஆள் என்ற பிம்பம் சாட்சியத்திலிருந்து வந்ததா?

ஆம், ஆனால் அதன் முடிவை யாரும் நினைவில் வைப்பதில்லை. பெர்னர் தெரு 36ஆம் எண்ணில் இருந்த ஃபேனி மார்டிமர், அந்த நேரத்தில் வாசலில் நின்றபோது பளபளக்கும் கறுப்புப் பையுடன் ஒரு வாலிபன் வேகமாகப் போனதைப் பார்த்ததாகப் பத்திரிகைகளிடம் சொன்னார். செய்தி பரவிய பிறகு லியோன் கோல்ட்ஸ்டீன் என்பவர் தாமாகவே காவல் நிலையத்துக்கு வந்து, அது தாம்தான், பையில் இருந்தவை காலி சிகரெட் பெட்டிகள் என்று தெரிவித்தார். சாட்சி சொன்னது உண்மை. பார்த்த ஆள் நிரபராதி. பையோ நூற்றாண்டு கடந்து ஓவியங்களில் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

மேத்யூ பாக்கரின் திராட்சைக் கதையை ஏன் ஒதுக்குகிறார்கள்?

பெர்னர் தெருவில் பழக்கடை வைத்திருந்த பாக்கர், கொலை நடந்த அன்று காலை விசாரிக்க வந்த சார்ஜென்ட் ஸ்டீஃபன் ஒயிட்டிடம் எதையும் பார்க்கவில்லை என்றார். இரண்டு நாள் கழித்து இரண்டு தனியார் துப்பறிவாளர்கள் வந்தபோது, ஸ்ட்ரைட்டுடன் வந்த ஆணுக்குத் திராட்சை விற்ற கதை பிறந்தது; பிறகு நேரங்களும் மாறின. உடலைச் சோதித்த ஃபிலிப்ஸ், இறப்பதற்கு முந்தைய பல மணி நேரத்தில் ஸ்ட்ரைட் திராட்சைத் தோலையோ விதையையோ விழுங்கியிருக்கவில்லை என்று விசாரணையில் தெரிவித்தார்.

பாக்கருக்கு நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. துப்பறிவாளர்கள் அவரைச் சோதிக்க முதலில் எடோஸின் உடலைக் காட்டினார்கள். இவள் அல்ல என்று சரியாகச் சொன்னார். பிற்பாடு ஸ்ட்ரைட்டை அடையாளம் காட்டினார். ஆகவே அந்தப் பெண்ணை முன்பு எங்கோ பார்த்திருக்கலாம். ஆனால் முதல் நாளில் 'பார்க்கவில்லை', பரிசுத்தொகைப் பேச்சு கிளம்பிய பிறகு 'பார்த்தேன்' என்றால், இரண்டாவது கூற்றுக்கு வெளியிலிருந்து துணை வேண்டும். துணைக்கு வர வேண்டிய பிரேதப் பரிசோதனையோ எதிர்ப்பக்கம் போய் நின்றுவிட்டது.

லவெண்டேயின் சாட்சியம்தான் மிகச் சிறந்ததா?

அப்படித்தான் காவல் துறையும் கருதியதாகத் தெரிகிறது. ஸ்ட்ரைட் கொல்லப்பட்ட அதே இரவு 1.35 மணியளவில் ஜோசப் லவெண்டே இரண்டு நண்பர்களுடன் மன்றத்திலிருந்து வெளியே வந்தபோது, மிட்டர் சதுக்கத்துக்குள் செல்லும் சந்தின் முனையில் ஓர் ஆணும் பெண்ணும் நின்றனர். 1.44க்குக் காவலர் எட்வர்ட் வாட்கின்ஸ் சதுக்கத்துக்குள் எடோஸின் உடலைக் கண்டார். ஒன்பது நிமிட இடைவெளி என்பதே இந்தச் சாட்சியத்தின் பலம். சுமார் முப்பது வயது, ஐந்தடி ஏழு அல்லது எட்டு அங்குலம், வெளிர் மீசை, விளிம்பு வைத்த சாம்பல் நிறத் தொப்பி, கழுத்தில் செந்நிறத் துணி, மாலுமித் தோற்றம் என்ற வர்ணனை அக்டோபரில் காவல் துறை இதழில் வெளிவந்தது.

பலவீனம் என்னவென்றால், பெண்ணின் முகத்தை அவர் பார்க்கவில்லை. கறுப்பு மேலங்கியையும் தொப்பியையும் வைத்தே எடோஸ் என்றார். அந்த வட்டாரத்தில் கறுப்பு உடை அணியாத பெண்ணைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஸ்வான்சனும் இதைக் குறையாகக் குறித்திருக்கிறார். ஆணை மீண்டும் பார்த்தால் அடையாளம் தெரியுமா என்ற கேள்விக்கு, சந்தேகம்தான் என்று லவெண்டேயே விசாரணையில் பதிலளித்துவிட்டார். உடன் வந்த இருவரும் அவரைவிடக் குறைவாகவே கவனித்திருந்தனர்.

நேர்மையான பலர் ஒரே தவறைச் செய்ய முடியுமா?

முடியும், அதே லண்டனில் சில ஆண்டுகளுக்குள் அது நடந்தது. பெண்களை ஏமாற்றி நகை பறித்ததாக அடால்ஃப் பெக் என்பவர் 1896இல் தண்டிக்கப்பட்டார். பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அவரை நேருக்கு நேர் அடையாளம் காட்டினர். 1904இல் மீண்டும் அதே குற்றத்துக்கு, மீண்டும் அதே விதமாக, அவர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. பெக் காவலில் இருக்கும்போதே உண்மையான மோசடிக்காரன் அதே வேலையைச் செய்து பிடிபட்டதால்தான் அவர் தப்பினார். 1907இல் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அமைய இந்த வழக்கும் ஒரு காரணம். அந்தப் பெண்கள் பட்டப்பகலில் மோசடிக்காரனோடு உட்கார்ந்து பேசியவர்கள். தெருவிளக்கின் வெளிச்சத்தில் நடந்து போனபடி பார்த்த லவெண்டேயை அவர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஜார்ஜ் ஹட்சின்சன் சொன்ன விவரங்கள் நம்பத்தக்கவையா?

இந்த வழக்கில் அதிகச் சூடு கிளப்பும் கேள்வி இதுதான். நவம்பர் 9 அதிகாலை இரண்டு மணிக்கு கெல்லி தன்னிடம் ஆறு பென்னி கடன் கேட்டதாகவும், பிறகு அவளை ஓர் ஆண் அழைத்துச் சென்றதாகவும், தான் பின்தொடர்ந்து அவள் குடியிருந்த சந்துக்கு எதிரே முக்கால் மணி நேரம் காத்திருந்ததாகவும் அவர் சொன்னார். நவம்பர் 12 அன்று, கெல்லி பற்றிய மரண விசாரணை ஒரே நாளில் முடிந்த பிறகு, மாலையில் காவல் நிலையத்துக்கு வந்தார். நேரில் விசாரித்த அபர்லைன், வாக்குமூலம் உண்மை என்று கருதுவதாக அன்றே எழுதினார்.

அவர் தந்த வர்ணனையில் ஆட்டுரோமத் தையல் வைத்த நீண்ட கோட்டு, குதிரைலாட வடிவக் குண்டூசி, தடித்த தங்கச் சங்கிலி, முனை சுருண்ட மீசை மட்டுமல்ல, கண் இமை முடியின் நிறம்கூட இருக்கிறது. மதுக்கடை விளக்கின் கீழ் குனிந்து முகத்தைப் பார்த்ததாக அவர் சொல்வதை ஏற்றுக்கொண்டாலும், சில நொடிகளில் இவ்வளவையும் மனத்தில் பதித்து மூன்று நாள் காக்க முடியுமா? சற்று வசதியான ஆள் ஒருவன் கெல்லியோடு போவதைப் பொறாமையோடு பார்த்த நண்பனுக்கு உடை விவரங்கள் பதிந்திருக்கும் என்பது எதிர்வாதம். அதை முழுவதும் தள்ளிவிட மாட்டேன். தள்ள வேண்டியது பத்திரிகை வடிவத்தை. காவல் துறையில் கையெழுத்திட்ட வாக்குமூலத்தில் வெளிறிய நிறமாக இருந்த முகம், ஓரிரு நாளில் பத்திரிகைப் பேட்டியில் கருநிறமாகிறது. சங்கிலியில் சிவப்புக் கல் பதித்த முத்திரையும் சேர்ந்துகொள்கிறது. நினைவு நாளாக ஆகத் தேயும் இயல்புடையது. இங்கே அது வளர்ந்திருக்கிறது.

சேரா லூயிஸ் என்ற பெண், இரண்டரை மணியளவில் சந்துக்கு எதிரே யாருக்கோ காத்திருப்பதுபோல் ஒருவன் நின்றதைப் பார்த்ததாக விசாரணையில் சொல்லியிருந்தார். அந்த ஆள் ஹட்சின்சன் என்றால், அவர் அங்கே நின்றார் என்பதற்குத் துணை கிடைக்கிறது. கோட்டுக்கும் சங்கிலிக்கும் கிடைக்கவில்லை. மேலும் லூயிஸ் சாட்சி சொன்ன அதே நாள் மாலையில்தான் ஹட்சின்சன் வருகிறார். யாரோ தன்னைப் பார்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்திருக்கலாம். அதனாலேயே அவர்தான் கொலைகாரன் என்று முடிவு கட்டுபவர்களும் உண்டு. அங்கே நின்றதை விளக்க வேண்டிய அவசியம் நிரபராதிக்கும் இருக்கும்.

சாப்மன் விஷயத்தில் மருத்துவரைத் தள்ளிவிட்டு, கெல்லி விஷயத்தில் கரோலின் மாக்ஸ்வெல்லைத் தள்ளுவது முரண்பாடு இல்லையா?

நியாயமான கேள்வி. கெல்லியின் உடல் நவம்பர் 9 காலை 10.45க்குக் கிடைத்தது. அன்று காலை எட்டு எட்டரை மணிக்கு அவரோடு பேசியதாகவும், சற்று நேரம் கழித்து மதுக்கடைக்கு வெளியே மீண்டும் பார்த்ததாகவும் மாக்ஸ்வெல் சத்தியம் செய்தார். உங்கள் சாட்சியம் மற்றவர்களுடையதிலிருந்து வேறுபடுகிறது, கவனமாகப் பேசுங்கள் என்று விசாரணை அதிகாரி எச்சரித்தும் அவர் அசையவில்லை. பிரேதப் பரிசோதனை செய்த தாமஸ் பாண்ட் அதிகாலை ஒன்று, இரண்டு மணி என்றார்.

பாண்டின் கணிப்பும் ஃபிலிப்ஸின் கணிப்பைப் போலவே பலவீனமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். உடலில் பெரும் சிதைவு, அடுப்பில் எரிந்த நெருப்பு, உடைந்த சன்னல் கண்ணாடி என எதையும் கொண்டு நேரத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. வேறுபாடு துணையில் இருக்கிறது. சாப்மன் விஷயத்தில் ஒருவரையொருவர் சாராத மூவர், அவர்களில் ஒருவரைக் கழித்தாலும் இருவர், ஒரே திசையைக் காட்டுகிறார்கள். மாக்ஸ்வெல்லோ தனித்து நிற்கிறார். நான்கு மாதம் தெரிந்தும் கெல்லியோடு இரண்டு முறைதான் பேசியிருந்ததாக அவரே சொன்னார். எதிர்ப்பக்கத்தில், அதிகாலை நான்கு மணியளவில் 'கொலை!' என்ற குரலை லூயிஸும் எலிசபெத் ப்ரேட்டரும் வெவ்வேறு இடங்களிலிருந்து கேட்டிருக்கிறார்கள். அந்த வட்டாரத்தில் அப்படிப்பட்ட கூக்குரல் சகஜம் என்று ப்ரேட்டரே சொன்னதையும் சேர்த்தே எடை போட வேண்டும். மாக்ஸ்வெல் பேசியது வேறொரு பெண்ணோடு என்பதே என் முடிவு. ஆனால் இதை எழுதும்போது மற்ற பதில்களில் இருந்த உறுதி எனக்கு இல்லை.

எல்லா வர்ணனைகளையும் சேர்த்து ஒரே உருவத்தை வரைய முடியாதா?

லாங் பார்த்தவன் நாற்பது வயதைக் கடந்த, அயல்நாட்டவன் போன்ற ஆள்; லவெண்டே பார்த்தவன் முப்பது வயது வெளிர் மீசைக்காரன்; மேரி ஆன் காக்ஸ் கெல்லியோடு பார்த்தவன் பீர் குவளை ஏந்திய, முகத்தில் திட்டுகள் கொண்ட செம்மீசைக்காரன். சராசரி எடுத்தால் யாரும் பார்க்காத ஒருவன்தான் கிடைப்பான். பொருந்துபவற்றை மட்டும் பொறுக்கிச் சேர்ப்பதும் ஆபத்தே. ஷ்வார்ட்ஸ் சொன்ன ஆளுக்கும் லவெண்டே சொன்ன ஆளுக்கும் விளிம்புத் தொப்பி இருந்தது உண்மை. அந்தத் தொப்பி கிழக்கு லண்டனில் எத்தனை ஆயிரம் தலைகளில் இருந்தது?

ஒரு சாட்சி கொலைகாரனை அடையாளம் காட்டியதாக உயர் அதிகாரியே எழுதியிருக்கிறாரே?

சர் ராபர்ட் ஆண்டர்சன் 1910இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில், கொலைகாரனை நன்றாகப் பார்த்த ஒரே சாட்சி அவனைத் தயங்காமல் அடையாளம் காட்டியதாகவும், ஆனால் சாட்சி சொல்ல மறுத்ததாகவும் எழுதினார். அந்த நூலின் தம் பிரதியில் ஸ்வான்சன் பென்சிலால் எழுதிய குறிப்புகள் 1987இல் வெளியாயின: சந்தேகநபர் கோஸ்மின்ஸ்கி, அடையாளம் காட்டப்பட்ட இடம் 'கடற்கரை இல்லம்', பின்னர் மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டுச் சிறிது காலத்தில் இறந்தான் என்று அவை சொல்கின்றன. மருத்துவமனைப் பதிவுகளில் கிடைக்கும் ஆரன் கோஸ்மின்ஸ்கி 1891இல் அனுமதிக்கப்பட்டு 1919இல்தான் இறந்தார்.

இங்கே ஒரு வேடிக்கை நடக்கிறது. பழக்கடைக்காரரையும் சந்தைக்குப் போன பெண்ணையும் இம்மி இம்மியாகச் சல்லடை போட்டவர்கள், அதிகாரிகளின் பென்சில் குறிப்பைக் கண்டவுடன் சல்லடையைக் கீழே வைத்துவிடுகிறார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு நினைவிலிருந்து எழுதும் ஓய்வுபெற்ற அதிகாரியும் ஒரு சாட்சிதான். பெயர் தெரியாத அந்தச் சாட்சி லவெண்டே என்றால், மீண்டும் பார்த்தால் தெரியாது என்று 1888இலேயே சொன்னவர் அவர். ஷ்வார்ட்ஸ் என்றால், அவர் கண்டது தள்ளுமுள்ளு மட்டுமே. ஆண்டர்சன் பொய் எழுதினார் என்று நான் நினைக்கவில்லை. ஏதோ ஓர் அடையாளச் சோதனை நடந்திருக்கலாம். அது எவ்வளவு உறுதியாக இருந்தது என்பதற்கு அன்று எழுதப்பட்ட ஒரு வரிகூட இல்லை.

காணாமல்போன ஆவணங்களில் எது கிடைத்தால் இந்த விவாதம் மாறும்?

ஷ்வார்ட்ஸின் மூல வாக்குமூலம். ஹட்சின்சன் கையெழுத்திட்ட தாள்கள் கிடைத்திருக்கின்றன. காவல் துறையிடம் ஷ்வார்ட்ஸ் தந்த வாக்குமூலமோ ஸ்வான்சனின் சுருக்கத்தில் மட்டும் எஞ்சியிருக்கிறது. மூலம் கிடைத்தால், மொழிபெயர்த்தவர் யார், 12.45 என்ற நேரத்தை அவர் எதை வைத்துச் சொன்னார், பிணவறையில் ஸ்ட்ரைட்டை அவருக்குக் காட்டியபோது வேறு உடல் ஏதும் காட்டப்பட்டதா, 'லிப்ஸ்கி' என்ற சொல்லுக்கு முன்னோ பின்னோ வேறு சொற்கள் அவர் காதில் விழுந்து, அவருக்குப் புரியாததால் எழுதப்படாமல் போயினவா என்ற நான்கு விஷயங்களைத்தான் அதில் முதலில் தேடுவேன்.